கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு எந்தச் சட்ட வடிவம் பொருந்தும்?

கேள்வி: கோவையில் நாங்கள் ஒன்பது பேர் ஊதியம் எதுவுமின்றித் தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளாக, உருவாக்கி வருகிறோம். நன்கொடைகள் எங்களில் ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கே வருகின்றன. டொமைன் பெயரும் அவர் பெயரில்தான் உள்ளது. அவர் விரைவில் வேலைக்காக வெளிநாடு செல்கிறார். ஜெர்மனி நிறுவனம் ஒன்றும் நிதி தர முன்வந்துள்ளது. அறக்கட்டளை, சங்கம், நிறுவனம் ஆகியவற்றில் எதைப் பதிவு செய்யலாம்?

பதில்: பதிவு பெறாத குழு தன் பெயரில் சொத்து வைத்திருக்கவோ வழக்குத் தொடரவோ இயலாது. எனவே வருமான வரித் துறை கேட்கும் நாளில், கணக்கில் வந்த தொகை தம்முடைய வருமானம் அன்று என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை உங்கள் நண்பரையே சேரும். அவர் வெளிநாட்டில் குடியேறிய பின் அந்தச் சேமிப்புக் கணக்கை அதே நிலையில் தொடர முடியாது; வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வரவுகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெறும் சங்கம். அதற்கு ஏழு பேர் போதும். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது எளிது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அதில் அதிகாரம் அறங்காவலர்களிடமே தங்கிவிடுகிறது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் தன்னார்வக் குழுவில், இன்று உழைப்பவர்கள் பொதுக்குழுவில் வாக்களித்துச் செயற்குழுவை மாற்றும் உரிமை பெற்றிருப்பதே நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவின் கீழான நிறுவனத்தை இரண்டு பேரே தொடங்கலாம். எனினும் வரவு இல்லாத ஆண்டிலும் தணிக்கை கட்டாயம். ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

ஜெர்மனி நிதியை இப்போது எவர் கணக்கிலும் பெற வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி கல்வி, பண்பாட்டு, சமூகப் பணிகளுக்கு அத்தகைய நன்கொடை பெறப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இது தனிநபருக்கும் பொருந்தும். பதிவு பெறப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும் அக்காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் தேவை. ஆகவே குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட பணிக்காகப் பெறும் முன் அனுமதியே புதிய சங்கத்துக்கு உரிய வழி. அனுமதி கிடைத்தாலும் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வரவேண்டும்.

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் நிதியையும் வணிகக் குறியையும் 1997-இல் அமெரிக்காவில் பதிவு பெற்ற ஒரு குடை அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நீங்களும் அத்தகைய அமைப்பில் சேரலாம். ஆனால் அங்கிருந்து நன்கொடையாக இந்தியாவுக்கு வரும் தொகைக்கும் மேற்சொன்ன சட்டமே பொருந்தும்.

சங்கம் பதிவானதால் மட்டும் நிரல்களின் பதிப்புரிமை அதனிடம் வந்துவிடாது. எழுதியவரிடமோ, பணி நேரத்தில் பணியின் பகுதியாக எழுதியிருந்தால் அவருடைய முதலாளியிடமோ இருக்கும். உரிமையை மாற்ற எழுத்து வடிவ ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்ளும். உங்களுக்கு உரிமை மாற்றமே தேவையில்லை. உங்கள் மென்பொருள் வெளியாகும் அதே பயன்பாட்டு உரிமத்தின் கீழ் தம் பங்களிப்பையும் தருவதாக ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெற்றால் போதும்.

நண்பர் புறப்படுமுன் இதுவரையான வரவு செலவுக் கணக்கை எழுதி ஒன்பது பேரும் கையொப்பமிடுங்கள். சங்கம் பதிவானதும் மீதித் தொகையையும் டொமைன் பெயரையும் சங்கத்தின் பெயருக்கு மாற்றுவதாக அவரிடம் உறுதிமொழிக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள்.