Re: டிஃபெக்டை வைத்து இரண்டாம் ஆக்ட் தாண்டவே முடியவில்லை

டிஃபெக்ட் கதாபாத்திரத்தை வைத்து ஆடுகிறேன், டெக்கில் (கார்டுக் கட்டில்) 32 கார்டு, எல்லாமே பலமானவை, ஆனாலும் இரண்டாம் ஆக்டின் பாஸ் ஆட்டோமேட்டனிடம் சாகிறேன், ஸ்லே த ஸ்பயர் என்ற இந்தக் கார்டு கேமே வெறும் அதிர்ஷ்டம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆனால் இங்கே சிக்கல் அந்த 32தான்.

டர்னுக்கு ஐந்து கார்டு வீதம் எடுத்தால் டெக் முழுவதையும் பார்க்க ஏழு டர்ன் ஆகும். ஆட்டோமேட்டன் ஆறாவது டர்னிலேயே ஹைப்பர் பீம் என்ற பெரிய தாக்குதலை விடும், 45 டேமேஜ். ஃபோகஸை (ஆர்புகளின் பலத்தை) ஏற்றும் உங்கள் டிஃப்ராக்மென்ட் கார்டு டெக்கின் அடியில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

சண்டை முடிந்ததும் கார்டு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, தாராளமாக ஸ்கிப் செய்யுங்கள். ஷாப்பில் 75 கோல்டு கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கை (தொடக்கத்திலேயே இருக்கும் சாதாரணத் தாக்குதல் கார்டு) டெக்கிலிருந்து நீக்குங்கள் (அடுத்தடுத்து விலை 25 ஏறும், அதனால் யோசித்துச் செய்யுங்கள்).

ஆர்ப் என்பது டிஃபெக்டைச் சுற்றி நின்று தானாக வேலை செய்யும் உருண்டை. மின்னல் ஆர்பை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ராஸ்ட் (பனி ஆர்ப்) ஒன்று டர்ன் முடிவில் 2 பிளாக் (அடியைத் தடுக்கும் கவசம்) தரும். மூன்று ஃப்ராஸ்ட் இருந்தால் 6, ஃபோகஸ் 2 ஏறினால் அதுவே 12, அதுவும் எனர்ஜி செலவே இல்லாமல். கிளேசியர் ஒரே கார்டில் இரண்டு ஃப்ராஸ்ட் கொடுக்கும். முதல் ஆக்டில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கிளா என்ற கார்டைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் பாதி கிண்டல், நம்பி இறங்காதீர்கள்.

அடுத்த ரன்னில் தோற்றால் டெக் பட்டியலையும் ரெலிக்குகளையும் (சேர்த்த சிறப்புப் பொருட்களையும்) இங்கே போடுங்கள், பார்க்கலாம்.