முடிசூட்டு விழாவுக்கு வராதவன்

அன்புள்ள அம்மா,

உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ வரிசையைக் கல்லூரி நாட்களில் சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகங்களாக வாங்கினேன். முதல் மூன்றையும் பலமுறை படித்திருக்கிறேன். நான்காவதான ‘தெஹானு’வைச் சென்ற மாதம்தான் படித்தேன். பெரிய ஏமாற்றம். உலகத்தையே காப்பாற்றிய மாயாவி கெட், சின்ன மந்திரம்கூடச் செய்ய முடியாமல் ஆடு மேய்க்கிறான். ராஜாவின் ஆட்கள் தேடி வந்தால் ஓடி ஒளிகிறான். கதை முழுக்க ஒரு கிழவி சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். டிராகன் முதலிலும் கடைசியிலும் எட்டிப் பார்ப்பதோடு சரி. 18 ஆண்டுகள் கழித்து வந்து தன் தொடரைத் தானே கெடுத்துக்கொள்ள ஓர் எழுத்தாளருக்கு உரிமை உண்டா?

என் தங்கைக்கு 14 வயது. மூன்றையும் முடித்துவிட்டு நான்காவதைக் கேட்கிறாள். கெட் மேல் அவளுக்கு இருக்கும் மரியாதை போய்விடும் என்று அதை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா, வேண்டாமா? அட்டைப்படமும் மோசம்.

வி., பானஸ்வாடி, பெங்களூரு

அன்புள்ள வி.,

ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் மூடி வைக்க வேண்டியதுதான். ஆனால் ‘ராஜாவின் ஆட்கள் தேடி வந்தால் ஓடி ஒளிகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைச் சுற்றித்தான் சில மாதங்களாக என் யோசனையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

சில்லறையை முதலில் முடித்துவிடலாம். அட்டைப்படத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. உரிமை உண்டா என்றால், உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது, கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கல்கியையும் வாசகர்கள் கேட்டார்கள். அவர் பொறுமையாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. 18 ஆண்டுகள் என்று நீங்கள் பெருமூச்சு விடுவதும் வேடிக்கை. 1972இல் மூன்றாம் புத்தகத்தைப் படித்தவர்கள்தான் 1990 வரை காத்திருந்தார்கள். நீங்கள் கையை நீட்டி அடுத்த புத்தகத்தை எடுத்தீர்கள். நம் ஊர் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். 18 ஆண்டுகள் என்றால் என்னவென்று எங்களிடம் கேளுங்கள்.

அடுத்தது ‘கிழவி’. டெனார் கிழவி இல்லை, தம்பி. இரண்டாம் புத்தகத்தில் கல்லறைகளுக்கு அடியில் இருட்டுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமி அவள். அவள் அந்தச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தபோது நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். பிறகு ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளைகளை வளர்த்தாள், கணவனை இழந்தாள். இதற்குள் கிழவி ஆகிவிட்டாளா? என் வயதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

அதைவிட மோசம், ‘ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள்’ என்று எழுதியது. சொந்த மனிதர்களே நாசம் செய்து, நெருப்பில் தள்ளி, முகத்தில் ஒரு பாதியும் ஒரு கையும் வெந்துபோன குழந்தை அது. அதைப் பாத்திரம் கழுவுவதோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறீர்கள். புத்தகம் ஏமாற்றியது என்று சொல்வதற்கு முன்னால் அதைப் படித்திருக்க வேண்டும்.

இப்போது கெட். மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். உலகத்தில் விழுந்த ஓட்டையை அடைப்பதற்குத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டான். இனி அவனோடு போன இளவரசன் அர்ரென் முடிசூட வேண்டும். அந்த விழாவுக்கு கெட் வந்தான் என்று ஒரு கதை. வரவேயில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்று அவன் பிறந்த கோண்ட் தீவில் சொல்லும் கதை வேறு. லெ குவின் இரண்டையும் வைத்துவிட்டுத்தான் போகிறார். வாசகர்கள் முதல் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கதைதான் நடந்தது என்பது தெஹானு. எந்தத் தொடரையும் அவர் கெடுக்கவில்லை. தானே வைத்துவிட்டுப் போன விதை முளைத்ததா என்று திரும்பி வந்து பார்த்தார். முதல் புத்தகத்தை எழுதியபோது 40 வயதை எட்டாதவர், இதை வெளியிட்டபோது 60 வயதானவர். அதே கண்ணால் பார்த்திருக்க முடியாது.

நமக்கு இது ஏன் இத்தனை உறுத்துகிறது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. நம்மைக் கெடுத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கம்பர் ஆறு காண்டங்களைப் பாடினார், ராமனுக்கு முடிசூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் விடைகொடுத்து அனுப்பினார், அத்தோடு நிறுத்திக்கொண்டார். கர்ப்பிணியைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் அரசனை அவர் தொடவில்லை. தமிழில் உள்ள உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குகிறது. அதை ஆசையாகப் படித்தவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. வீட்டுப் பாராயணமும் பட்டாபிஷேகத்தோடு பாயசம் வைத்து முடிந்துவிடும். வில்லிபுத்தூரார் 18 பருவங்களில் பத்தைப் பாடிவிட்டுப் போர் ஓய்ந்ததும் ஓய்ந்தார். ஆக, மகுடம் ஏறிய தலைக்கு மறுநாள் காலையில் என்ன ஆயிற்று என்று கேட்காமலே நாம் பல நூற்றாண்டுகள் சுகமாக இருந்துவிட்டோம்.

வியாசர் கேட்டார். மௌசல பருவத்தைப் படித்திருக்கிறீர்களா? 16ஆவது பருவம், மிகச் சிறியது. யாதவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு மாண்டுவிட்டார்கள். கிருஷ்ணனும் இல்லை. துவாரகையில் மிஞ்சிய பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அர்ஜுனன் புறப்படுகிறான். பின்னால் கடல் ஏறி வந்து நகரத்தை விழுங்குகிறது. வழியில் கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள். பீஷ்மர் இல்லை, கர்ணன் இல்லை. கையில் தடி வைத்திருக்கும் ஆட்கள். நான் யார் தெரியுமா என்கிற தொனியில் அர்ஜுனன் முதலில் எச்சரிக்கிறான். அவர்கள் சட்டை செய்யவில்லை. காண்டீவத்தை எடுக்கிறான். நாண் ஏற்றுவதற்கே திணறுகிறான். அஸ்திரங்களை நினைக்கிறான், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வற்றாத அம்பறாத்தூணி என்று நாம் கேட்டு வளர்ந்தோமே, அது வற்றிவிடுகிறது. கடைசியில் காண்டீவத்தின் நுனியால், வெறும் கழியைப் போல, ஆட்களை அடிக்கிறான். அவன் கண் முன்னாலேயே பெண்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் தாங்களாகவே போனார்கள் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார், இரக்கமில்லாத மனிதர்.

பிறகு அர்ஜுனன் வியாசரிடம் போய் நிற்கிறான். வந்த வேலை முடிந்தது, அஸ்திரங்கள் வந்த இடத்துக்கே போய்விட்டன என்கிறார் அவர். வேறு காரணம் கிடையாது. சாபம்கூட இல்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா நினைவு வந்துவிடும்.

அப்பா இந்த நகரத்தின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டியவர். கடைந்த தண்டைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிவிட்டு இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பார். மைக்ரோமீட்டர் வைத்தால் அதே அளவு காட்டும். இதை அவரோடு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து சொல்வார்கள். அவர் சொல்ல மாட்டார். பிறகு கம்ப்யூட்டர் ஓட்டும் எந்திரங்கள் வந்தன. கட்டை விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பெங்களூருத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்கள் தாத்தா யாரையாவது கேளுங்கள். வாழை மரம், கதம்பம், எந்திரங்களுக்கெல்லாம் குங்குமம். அன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். அப்பாவிடம் தொழில் கற்ற பையன்கள் அதற்குள் அதிகாரிகள் ஆகியிருந்தார்கள். ஓய்வுக்கு அடுத்த ஆண்டு பூஜைக்கு அவரை அழைத்துப்போகக் கார் அனுப்பினார்கள். மேடையில் சால்வை போடுவதாக ஏற்பாடு. கார் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா பின்கட்டுக்குப் போய்விட்டார். வாசலில் வந்து நின்றவர்களிடம் அம்மா, “அவர் வெளியே போயிருக்கிறார், எப்போது வருவாரோ தெரியாது” என்று குரல் நடுங்காமல் சொன்னாள். அவர்கள் காபி குடித்துவிட்டு, கொண்டுவந்த பொரியையும் இனிப்பையும் வைத்துவிட்டுப் போனார்கள். அதுவரை அப்பா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்த எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபம், உங்கள் கடிதத்தில் இருக்கிறதே அதே கோபம். போய் உட்கார்ந்திருந்தால் என்ன? எல்லோரும் கைதட்டியிருப்பார்களே? கைதட்டப் போவது தன்னிடம் இப்போது இல்லாத ஒன்றுக்காக என்பது அவருக்குத் தெரியும். எனக்கு யார் சொல்வது? அம்மா அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த வாரம் ஒரு கட்டு முளைக்கீரையை முறத்தில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். மிக மோசமாக ஆய்ந்தார். தண்டும் புல்லும் கலந்து கிடந்தன. அவள் சத்தம் போடாமல் மறுபடி ஆய்ந்து வேகவைத்தாள். நாளாவட்டத்தில் சுமாராகச் செய்யப் பழகினார். பிரமாதமாக என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் தயாராக இல்லை.

கெட் மலையேறி ஆடு மேய்க்கப் போன பக்கங்களைப் படிக்கும்போது உங்களுக்கு அலுப்புத் தட்டியிருக்கிறது. எனக்கு அப்படி இல்லை.

நம் ஊரிலேயே மௌசல பருவத்துக்கு அப்பால் போனவர்கள் உண்டு. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். மஸ்தான் தர்காவில் நின்று போகுமே, அதுதான். பாண்டவர்கள் சொர்க்கத்தை நோக்கி நடக்கும்போது பின்தங்கி விழுந்துவிட்ட திரௌபதியை ஓர் அசுரன் வந்து மறித்தான், அவள் தன்னிலிருந்து வீரகுமாரர்களை உண்டாக்கிப் போரிட்டாள் என்பது கரகம் எடுக்கும் திகளர் சமூகத்தார் சொல்லும் கதை. கவனித்தீர்களா, தொடர்ச்சி கட்டியவர்கள் அர்ஜுனனுக்கு வில்லைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விட்டுவிட்டுப் போன பெண்ணிடம் கதையைக் கொடுத்துவிட்டார்கள். லெ குவினும் கெட்டைச் சுற்றிவந்து ஒப்பாரி வைக்காமல் கதையை டெனாரிடமும் எரிந்த குழந்தையிடமும் கொடுத்தார். நீங்களோ வில் எங்கே, வில் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களை ஏமாற்றாத தொடர்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பாகமும் முந்தையதைவிடத் தடிமனாக இருக்கும். எதிரி இன்னும் பெரியவனாக இருப்பான், வாள் இன்னும் நீளமாக இருக்கும், போன சக்தி பத்து மடங்காகத் திரும்பி வரும். அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை.

தெஹானுவில் குறையே இல்லை என்று நான் சொன்னதாக எங்கேயும் போய்ச் சொல்ல வேண்டாம். கடைசி அத்தியாயம் அவசரம். இவ்வளவு நேரம் பயத்தையும் வறுமையையும் வீட்டு வேலையையும் அங்குலம் அங்குலமாக எழுதிவிட்டு, முடிவில் ஒரு டிராகனை வரவழைத்து வில்லனை எரித்து எல்லோரையும் காப்பாற்றுவது எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெண்கள் வேறு வழியில் தப்பியிருக்க வேண்டும், அல்லது தப்பாமல் இருந்திருக்க வேண்டும். டிராகன் போதவில்லை என்பது உங்கள் குறை. எனக்கு அது அதிகம்.

தங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைக்கு நடந்த கொடுமை அதில் இருக்கிறது. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள், படித்த பிறகு பேசுங்கள். கெட்டின் மரியாதைக்கு நீங்கள் காவல் இருக்க வேண்டாம். ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்று தெஹானுவின் அட்டையில் போட்டிருந்தார்கள். 2001இல் மேலும் இரண்டு வந்தன. அவற்றையும் வாங்கி வையுங்கள், அடுத்து அவற்றைக் கேட்பாள். மேல்தட்டில் ஒளித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 14 வயதுப் பெண்ணுக்கு ஸ்டூல் போட்டு ஏறத் தெரியும். இந்நேரம் படித்து முடித்துவிட்டு, நீங்கள் எப்போது கொடுக்கிறீர்கள் பார்க்கலாம் என்று காத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.