'ம்' என்று மட்டும் பதில் வந்தால்...

கேள்வி: ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பெண்கள் பலரிடம் போனில்தான் பேசுகிறேன். நேரில் மனம்விட்டு அழுதவர்கள்கூட போனில் 'ம்', 'சரிங்க' என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பாதியில் லைன் வேறு போய்விடுகிறது. நாலு பேரிடம் பேசுவதற்குள் தலை கனத்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? – ஒரு வாசகி

பதில்: 'ம்' என்று மட்டும் வந்தால், பேச மனமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கலாம். 'ஆமாம், இல்லை' என்று சொன்னாலே போதும் என்கிற மாதிரிக் கேள்விகளுக்கு மாறிவிடுங்கள். முன்கூட்டியே ஒரு சங்கேத வாக்கியத்தையும் இருவரும் முடிவுசெய்து வையுங்கள். அவர் "ரேஷன் அரிசி வந்துருச்சாக்கா?" என்றால் யாரோ வந்துவிட்டார்கள் என்று பொருள், நீங்களும் அரிசி பற்றியே ரெண்டு வார்த்தை பேசிவிட்டு போனை வைத்துவிட வேண்டும்.

முதல் அழைப்பில் பிரச்சினைக்குள் போகவே வேண்டாம். எங்கிருந்து, எப்போது பேசலாம் என்பதை மட்டும் முடிவுசெய்யுங்கள். விசைப்படகுக்காரர் வீடென்றால், அவர் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாள்தான் வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அவர் வீட்டில்தான். அதற்கு மாற்று இடம் மார்ச்சிலேயே பார்த்துவிடுங்கள். கடற்கரைக்கு வந்து பேசுகிறேன் என்பார்கள். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் நின்றால் மைக்கில் காற்றிரைச்சல்தான் கேட்கும்; ஒரு சுவரோ ஏற்றி வைத்த வள்ளமோ மறைவாக இருக்கட்டும். கீழக்கரையில் சிக்கல் வேறு. கணவர் துபாயிலிருந்து கூப்பிடும்போது லைன் பிஸியாக இருந்தால் 'யார்கிட்ட பேசிட்டிருந்த?' என்று கேள்வி வரும். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து கூப்பிடும் நேரத்தைக் கேட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

போனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பு தானாகவே பதிவாகும்படி வைத்திருப்பார்கள். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில் உங்கள் பெயர் 'கவுன்சிலர்' (ஆலோசகர்) என்று வந்து வீட்டாருக்குக் காட்டிக்கொடுக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீட்டில் பலரும் எடுக்கும் போனுக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதி அனுப்பாதீர்கள். ஸ்பீக்கர் கூடவே கூடாது, ஒயர் வைத்த இயர்போன் போதும்.

லைன் போனால் யார் திரும்பக் கூப்பிடுவது என்பதும் முதலிலேயே பேச வேண்டியது. நீங்களே இரண்டு நிமிடத்தில் கூப்பிடுவது நல்லது. இருவரும் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் பிஸிதான். வீடியோ திக்கினால் பிடிவாதம் வேண்டாம், குரலுக்கு மாறுங்கள். நேரில் உதவும் மௌனம் போனில் லைன் போன மாதிரிதான் தெரியும். "இங்கதான் இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க" என்று அவ்வப்போது குரல் கொடுங்கள்.

ஒவ்வொரு முறையும் 'இப்போ எந்த இடத்துல இருக்கீங்க?' என்று கேட்டு, ஊர், தெரு, அடையாளத்துக்கு ஒரு கோயிலோ பள்ளிவாசலோ எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடு நம்பகமான ஒருவரின் எண்ணும் வேண்டும். உயிரை விடுவதாகச் சொன்னால் லைனைத் துண்டிக்காமல் இன்னொரு போனில் 108ஐ அழையுங்கள். அங்கே முதலில் கேட்பது இடத்தைத்தான். அடுத்து அந்த நம்பகமானவருக்கு. நீங்கள் இல்லாத நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐக் (டெலி-மானஸ்) கொடுத்து வையுங்கள், அது 24 மணி நேரமும் உண்டு. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், வீட்டில் அடி வாங்குகிறவரையும் போனோடு நிறுத்தாமல் நேரில் வரவழையுங்கள்.

தலை கனப்பதற்குக் காரணம், முகமும் கையும் சொல்வதையெல்லாம் காது ஒன்றையே வைத்துத் தேடுவது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கால் மணி நேரமாவது விடுங்கள். அதில் குறிப்பு எழுதும் வேலையைச் சேர்க்காதீர்கள். வீடியோவில் உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். நாலு என்பது மூன்றானால் குறையொன்றுமில்லை. மேலதிகாரியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.