எட்டு டிகிரி ஆப்பு: மடக்குக் கத்திப் பூட்டு பற்றிக் கேள்வி பதில்

மடக்குக் கத்திக்குப் பூட்டு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பேச்சு குழம்பாமல் இருக்கச் சில பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டுவது அலகு. அது சுழலும் தண்டு பிவட். பிவட்டைச் சுற்றியுள்ள அலகின் அடிப்பாகம் டேங். திறந்த அலகு அதற்குமேல் போகாமல் முட்டி நிற்கும் தண்டு ஸ்டாப் பின். அலகு திரும்ப மடங்காதபடி டேங்கின் பின்னால் வந்து முட்டுக்கொடுப்பது பூட்டுப் பட்டை. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டில் பட்டையை வெட்டினால் லைனர் லாக். கைப்பிடித் தகடே பட்டையாக வளைந்து கொடுத்தால் ஃபிரேம் லாக்.

கேள்வி: டேங்கில் பட்டை முட்டும் முகத்தை எல்லோரும் 8 டிகிரி சாய்வில் தீட்டச் சொல்கிறார்கள். ஏன் 8? 5 அல்லது 12 வைத்தால் என்ன?

பூட்டுப் பட்டை என்பது ஓர் ஆப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும். அலகை மடக்க ஒரு விசை வரும்போது, டேங்கின் சாய்ந்த முகம் பட்டையை நீளவாக்கில் அழுத்துவதோடு பக்கவாட்டிலும் வெளியே தள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது முக்கியமாக உராய்வுதான். சாய்வின் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வு எண்ணைவிடக் குறைவாக இருக்கும்வரை பட்டை நகராது, மீறினால் நழுவும். 8 டிகிரிக்கு அந்த மதிப்பு 0.14. 10 டிகிரிக்கு 0.176. 15 டிகிரிக்கு 0.268. காய்ந்த டைட்டானியமும் எஃகும் உரசும்போது உராய்வு தாராளமாக இருக்கும். 12 டிகிரி கூட நிற்கும். ஆனால் கத்தி என்றால் எண்ணெய் படும், ஈரம் படும். கடினமான எஃகும் எஃகும் எண்ணெய்ப் பசையோடு சந்தித்தால் உராய்வு எண் 0.15-ஐ ஒட்டி இறங்கிவிடும். அப்போது 12 டிகிரி முகம் உங்கள் விரலின் மீது கத்தியை மடக்கும்.

சரி, 5 டிகிரி வைத்தால் நழுவவே நழுவாதே என்பீர்கள். நழுவாது. ஆனால் அடித்து இறுக்கிய ஆப்பைப் போலச் சிக்கிக்கொள்ளும். கட்டைவிரல் நோக நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. முகத்தில் 0.01 மி.மீ. தேய்ந்தால், அந்த இடைவெளியை நிரப்பப் பட்டை 8 டிகிரியில் 0.07 மி.மீ. உள்ளே நகரும், 5 டிகிரியில் 0.114 மி.மீ. நகரும். சாய்வு குறையக் குறையப் பட்டை சீக்கிரம் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே டைட்டானியப் பட்டைக்கு 7 முதல் 10 வரை எங்கு நின்றாலும் குற்றமில்லை. நான் 8-இல் தொடங்குகிறேன். எஃகு முனை வைத்த பட்டை என்றால் அரை டிகிரி குறைத்துக்கொள்வேன்.

கேள்வி: மேலே கேட்டவன்தான் ஐயா. என் கத்தியில் சாய்வு சரியாக 8. அளந்து பார்த்துவிட்டேன். ஆனாலும் பூட்டு ஒட்டிக்கொள்கிறது.

முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள் தம்பி. கிரைண்டிங் கல் விட்ட கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? பட்டை நகரும் திசைக்குக் குறுக்கே ஓடினால், மெத்தென்ற டைட்டானியத்துக்கு அது அரம் மாதிரி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் சுரண்டி எடுத்துத் தன் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பிறகு உரசுவது டைட்டானியமும் டைட்டானியமும். அந்த ஜோடியைப்போல் ஒட்டிக்கொள்ளும் ஜோடி பட்டறையில் வேறு இல்லை. நகரும் திசையிலேயே 1000 நம்பர் உப்புத்தாளை ஒரு தட்டையான எஃகுத் துண்டில் சுற்றி மெருகேற்றுங்கள். முகத்தின் ஓரங்களை உருட்டிவிடாதீர்கள். பென்சில் கரியைத் தடவச் சொல்வார்கள். அன்றைக்குச் சரியாகும், நோய் அப்படியே இருக்கும்.

கேள்வி: பூட்டிய நிலையில் அலகை மேலும் கீழும் அசைத்தால் மெல்லிய ஆட்டம் தெரிகிறது. பட்டை நன்றாக உள்ளே வந்துதான் நிற்கிறது. எங்கே தவறு?

எவ்வளவு உள்ளே வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்த இடத்தில் தொடுகிறது என்பதை முதலில் பாருங்கள். முகத்தில் நீல மையை மெல்லியதாகத் தடவி, கத்தியைப் பத்து முறை திறந்து மூடி, பிரித்துப் பாருங்கள். மை அழிந்த இடம் எள்ளளவுதான் இருக்கும். அந்தப் புள்ளி முகத்தின் கீழ்ப்பகுதியில், அதாவது பிவட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் பிவட், ஸ்டாப் பின், பட்டை மூன்றும் அகன்ற முக்கோணமாக நின்று அலகைப் பிடிக்கும். புள்ளி மேலே, பிவட்டுக்கு நேராக ஏறிவிட்டால் பட்டை பிவட்டைத்தான் தள்ளுகிறது. அலகு அதைச் சுற்றி ஊஞ்சலாடும். பட்டையின் முனையில் மேல்பாதியை ஒரு மயிரிழை தேய்த்துவிட்டாலே தொடும் புள்ளி கீழே இறங்கிவிடும்.

பிவட் ஓட்டையையும் சந்தேகியுங்கள். பட்டை தொடும் இடம் பிவட்டிலிருந்து 8 மி.மீ., அலகின் நுனி 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே 0.02 மி.மீ. இடைவெளி இருந்தால் நுனியில் 0.22 மி.மீ. ஆட்டம். கண்ணுக்குத் தெரியாத குறையைக் கை கண்டுபிடித்துவிடும். தண்டுக்கும் ஓட்டைக்கும் நான் விடும் இடைவெளி 0.005 முதல் 0.01 மி.மீ. வரைதான்.

கேள்வி: முகத்தை வெப்பப் பதம் போடும் (அலகைச் சூடாக்கிக் கடினமாக்கும்) முன் தீட்டுவதா, பின்பா? முன்பே மில்லிங்கில் முடித்துவிட்டால் வேலை மிச்சமாகுமே?

இந்த ஆசை எனக்கும் வந்தது. ஆரம்ப காலத்தில் பன்னிரண்டு அலகுகளை ஒரே வரிசையாக எடுத்தேன். எஃகு மெத்தென்று இருக்கும்போதே பிவட் ஓட்டையை ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குக் குடையும் கருவி) விட்டு முடித்தேன். பூட்டு முகத்தையும் மில்லிங்கில் அழகாகச் சாய்த்தேன். கடினமாக்கி வந்ததும் முதல் அலகைப் பொருத்தினேன். பட்டை முகத்துக்கு வரவே இல்லை. இரண்டாவதில் நேராக மறுபக்கத் தகட்டில் போய் முட்டியது. மூன்றாவதில் தண்டே நுழையவில்லை. கடினமாகும்போது எஃகு வளரும், லேசாக நெளியவும் செய்யும். மற்ற வேலைக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் நீளத்தில் வரும் ஒவ்வொரு 0.01 மி.மீ. பிழையையும் 8 டிகிரி ஆப்பு ஏழு மடங்காக்கிக் காட்டும். 1.2 மி.மீ. தடிமனுள்ள லைனரில் பட்டை 40 சதவீதம் உள்ளே வந்து நிற்க வேண்டுமென்றால் அது வெறும் 0.48 மி.மீ. பயணம். அந்தப் பயணம் முழுவதற்கும் முகத்தில் தீட்டி எடுக்க வேண்டியது 0.07 மி.மீ.கூட இல்லை. பன்னிரண்டில் நான்குதான் தேறின.

இப்போது என் வரிசை இதுதான். மெத்தென்ற நிலையில் பிவட் ஓட்டையைச் சற்றுச் சிறியதாக விட்டு, பூட்டு முகத்தில் 0.3 மி.மீ. மிச்சம் வைப்பேன். கடினமாக்கிய பின் இரு பக்கங்களையும் சர்ஃபேஸ் கிரைண்டரில் (தட்டையாகத் தீட்டும் இயந்திரம்) இணையாகத் தீட்டுவேன். அடுத்து பிவட் ஓட்டையை ஹோனிங் செய்து, அதாவது உட்புறத்தைக் கல்லால் மெல்லத் தேய்த்து, அளவுக்குக் கொண்டுவருவேன். இனி எல்லா அளவும் அந்த ஓட்டையிலிருந்துதான். பிறகு ஸ்டாப் பின் முட்டும் இடம். எல்லாம் முடிந்து, அந்த அலகை அதற்குரிய கைப்பிடியிலேயே பொருத்திப் பார்த்துத்தான் கடைசியாகப் பூட்டு முகத்தைத் தீட்டுவேன். கொஞ்சம் அதிகமாகத் தீட்டிவிட்டால் அலகைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டாப் பின்னை 0.02 மி.மீ. பெரிதாக மாற்றிப் பாருங்கள். அதற்காகவே 0.01 மி.மீ. படிகளில் பின்களை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஃபிரேம் லாக்கில் பட்டை வளைவதற்கு விடும் மெலிவை எவ்வளவு தடிமனில் நிறுத்துவது? எனக்கு ஒரு கத்தியில் கல்லாகவும் அடுத்ததில் துணியாகவும் வருகிறது.

நீங்கள் தகட்டின் மேற்பரப்பிலிருந்து ஆழத்தை அளந்து வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தகட்டின் தடிமன் துண்டுக்குத் துண்டு மாறும். ஆழம் ஒன்றாக இருந்தாலும் மிஞ்சும் தடிமன் ஒன்றாக இருக்காது. விறைப்போ தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1.2 மி.மீ. இடத்தில் 1.3 இருந்தால் 27 சதவீதம் கூடுதல் விறைப்பு. மிஞ்சும் தடிமனை நேராக அளந்து வெட்டுங்கள். 1.1 முதல் 1.3 வரை வைத்துத் தொடங்கலாம். பட்டையின் நீளமும் அகலமும் மாறினால் இதுவும் மாறும்.

கிரேடு 5 டைட்டானியம், அதாவது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கலவை, இந்த இடத்தில் பிடித்த உலோகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் மீள்தன்மைக் குணகம் 114 ஜிகாபாஸ்கல் அளவு. எஃகின் பாதியை ஒட்டி. வலிமையோ நல்ல எஃகுக்குச் சமம். ஆகவே நிறைய வளைந்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். வெட்டும்போதுதான் அழ வைக்கும். வெப்பத்தை எளிதில் கடத்தாது; சூட்டில் பெரும்பகுதி வெட்டும் கருவியான எண்ட் மில்லின் முனையிலேயே நிற்கும். நிமிடத்துக்கு 50 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல், கூர்மையான கார்பைடு, நிறையக் கூலன்ட், கருவியை நிறுத்தாமல் முன்னே செலுத்தும் ஊட்டம். கருவி வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால் அந்த இடம் கெட்டது. மெல்லிய துகள்கள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது, காய்ந்த மணலை அருகில் வையுங்கள். பட்டையைப் பிரிக்கும் நீளப் பிளவைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைட்டானியம் தேய்கிறது என்று பட்டை முனையில் எஃகு வைக்கிறார்கள். தேவையா?

விலை உயர்ந்த கத்தி என்றால் தேவை. கடினமான எஃகுத் துண்டை ஒரு திருகால் பட்டை முனையில் பிடித்துவிட்டால், தேய்ந்தபின் துண்டை மட்டும் மாற்றலாம். அதே துண்டைச் சற்று நீட்டிவிட்டால் பட்டையை யாரும் வெளிப்பக்கமாக அளவுக்கு மீறி வளைக்க முடியாதபடி தடுப்பாகவும் இருக்கும். டங்ஸ்டன் கார்பைடை மின்பொறியால் முனையில் பூசும் வழி பழையது. வேலை செய்யும், ஆனால் அந்தச் சொரசொரப்பு எனக்குப் பிடிக்காது. ஃபிரேம் லாக்கைப் புகழ்பெறச் செய்த கத்தி வடிவமைப்பாளர் கிரிஸ் ரீவின் செபென்சா கத்தி வரிசையிலேயே செபென்சா 31 பட்டை முனையில் பீங்கான் குண்டு வைத்து டேங்கைத் தொடுகிறது. குண்டு என்பதால் தொடும் புள்ளி எங்கே என்ற சண்டையே இல்லை. அதை அழுத்திப் பொருத்தும் ஓட்டையின் இடம் மட்டும் பிசகக் கூடாது.

கேள்வி: மூடிய கத்தி பாக்கெட்டில் தானே திறக்காமல் பிடிக்கும் சின்னக் குண்டு எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆழம் கூட்டியும் பார்த்துவிட்டேன்.

டிடென்ட் குண்டைச் சொல்கிறீர்கள். பட்டையில் பதித்த அந்தக் குண்டு, அலகு மூடியிருக்கும்போது டேங்கில் உள்ள சிறு குழியில் விழுந்து பிடிக்கும். 1980-களின் தொடக்கத்தில் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் லைனர் லாக்குக்குப் புது உயிர் கொடுத்தபோது இந்தக் குண்டும் ஸ்டாப் பின்னும்தான் அதை ஒரு கையால் இயக்கக்கூடிய நல்ல கத்தியாக்கின. வழக்கமான குண்டு 1.5875 மி.மீ. விட்டம், பாதிக்கு மேல் பட்டைக்குள் அழுந்தி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் தெறித்துவிடும்.

உங்கள் சிக்கல் ஆழமல்ல, இடம். குண்டு குழிக்குள் முழுதாக உட்கார்ந்துவிட்டால் அதற்கு இழுக்க வேலை இல்லை. அலகு மூடி நின்ற பிறகும் குழியின் மையம் குண்டை எட்ட 0.1 மி.மீ. பாக்கி இருக்க வேண்டும். அப்போது குண்டு குழியின் விளிம்பில் சரிந்து நின்று அலகை இன்னும் மூடு, இன்னும் மூடு என்று இழுத்துக்கொண்டே இருக்கும். குழியின் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். பிசிரை மட்டும் எடுங்கள், சாய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பட்டைப் பூட்டு, முதுகுப் பூட்டு, குறுக்குத் தண்டுப் பூட்டு. எது சிறந்தது?

1964-இல் வந்த பக் 110 கத்தியின் முதுகுப் பூட்டு, அதாவது கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பு டேங்கின் வெட்டில் விழுந்து பிடிப்பது, இன்றும் விற்கிறது. ஒபினெல் கத்தியின் கழுத்தில் திருப்பிப் பூட்டும் சுழல் வளையம் 1955 முதல் இருக்கிறது. அதைவிட எளிய பூட்டு கிடையாது. மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இருவர் வடிவமைத்து 1998-இல் பெஞ்ச்மேட் 710 கத்தியில் வந்த குறுக்குத் தண்டு, அதாவது ஸ்பிரிங் தள்ள டேங்கின் மேல் வந்து நிற்கும் தண்டு, தேயத் தேயத் தானே முன்னேறி இடைவெளியை நிரப்பும். அதன் மெல்லிய ஸ்பிரிங்குகள்தான் பலவீனம். எல்லாவற்றிலும் ஏதோ ஓர் இடத்தில் ஆப்பு ஒளிந்திருக்கும், வளையத்தில்கூட. சரியாகச் செய்த எதுவும் எனக்குச் சம்மதம்.

கேள்வி: கத்தியின் முதுகை மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிப்பது சரியா?

அதிர்வில் பட்டை ஒரு கணம் துள்ளும். நல்ல பூட்டும் அந்தக் கணத்தில் விடலாம், மோசமான பூட்டு தப்பிக்கவும் செய்யலாம். நான் கைப்பிடியை வைஸில் பிடித்து, அலகை மடக்கும் திசையில் எடையை மெதுவாக ஏற்றி, பட்டை நகர்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய நகர்வைக் காட்டும் முள் மானி) பார்க்கிறேன். முகத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு அதையே மறுபடி செய்வேன். விரல் எந்த நேரத்திலும் அலகின் பாதையில் இருக்கக் கூடாது.

கேள்வி: என்னிடம் சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) இல்லை. சிறிய சர்ஃபேஸ் கிரைண்டர் மட்டும் உண்டு. 8 டிகிரியை எப்படிப் பிடிப்பது?

100 மி.மீ. சைன் பார் (இரு உருளைகள் மீது நின்று கோணம் அமைத்துத் தரும் எஃகுச் சட்டம்) ஒன்று போதும். ஒரு உருளையின் அடியில் 13.917 மி.மீ. உயரத்துக்குக் கேஜ் பிளாக்குகளை (துல்லிய அளவுள்ள கட்டைகள்) அடுக்கினால் 8 டிகிரி வந்துவிடும். பிவட் ஓட்டையில் இறுக்கமாக நுழையும் தண்டு ஒன்றைப் பிடிப்பானில் நட்டு, அலகு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்படி செய்யுங்கள். ஒரு முறைக்கு 0.005 மி.மீ. தீட்டி, கழற்றி, கைப்பிடியில் பொருத்தி, திறந்து பாருங்கள். முதல் கத்திக்கு இருபது முறையாவது கழற்றி மாட்டுவீர்கள். பத்தொன்பதாவது தடவையில் அவசரப்பட்டு 0.02 எடுத்துவிடுவீர்கள், அதற்குத்தான் அந்த ஸ்டாப் பின் டப்பா.