உயிர்த்த ஞாயிற்றின் விடியலுக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: எங்கள் ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவுக்கு நான் பயிற்சி அளிக்கிறேன். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு உற்சாகமான பாட்டு என்றாலே கீபோர்டில் வேகமான தாளத்தைப் போட்டுவிடுகிறோம். பெரியவர்கள் அதை இரைச்சல் என்கிறார்கள். வசந்தத்துக்கும் பண்டிகைக்கும் பொருந்தும் மகிழ்ச்சியான இசை எது? (வாசகி, காட்பாடி)

பதில்: பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாட்டின் மகிழ்ச்சி பெரும்பாலும் சுரங்கள் மேலேறும் விதத்தில்தான் பிறக்கிறது. தாளத்தை விரட்டுவதால் அது கூடிவிடாது.

பங்குனியிலேயே வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும் நம் வேலூரில், வசந்தம் என்று சொல்லத்தக்க குளிர்ச்சி விடியற்காலையில் மட்டுமே மிஞ்சுகிறது. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும் ஈஸ்டரும் விடியலின் பண்டிகையே. கல்லறை திறந்திருப்பதைப் பெண்கள் கண்டது அதிகாலையில் அல்லவா! ஆகவே காலை ராகமான பிலகரியில் அமைந்த கீர்த்தனை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். (பெயரைப் பார்த்து வசந்தா ராகத்தை எடுத்துவிட வேண்டாம், மிக அழகான ராகம்தான், ஆனால் மாலைக்குரியது.) மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டு, மோகன ராகத்தைப் போல ச ரி க ப த ச என்று துள்ளி ஏறும் பிலகரி, இறங்கும்போது தன் தாய் ராகமான சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் தொட்டு வருகிறது. அந்த ஏற்றத்தை நிதானமாகப் பாடினாலே முகம் மலர்ந்துவிடும். கர்நாடக இசை கற்கும் குழந்தைகள் பலர் தொடக்கப் பாடங்களிலேயே பிலகரி ஸ்வரஜதி (சுரங்களும் சாகித்யமும் கொண்ட பயிற்சி உருப்படி) ஒன்றைப் படித்திருப்பதால், பயிற்சியும் எளிதாகும்.

மேற்கத்திய இசையில் இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மெசையா' என்ற படைப்பில் வரும் அல்லேலூயா கோரஸைக் (குழுப்பாடலைக்) கேட்கச் செய்யுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டாகவே பலர் அதை அறிந்திருந்தாலும், அந்தப் படைப்பு முதன்முதலில் டப்ளின் நகரில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று. இந்தக் கோரஸும் கிறிஸ்துவின் பாடுகளையும் (துன்பங்களையும்) உயிர்த்தெழுதலையும் சொல்லும் இரண்டாம் பாகத்தின் முடிவில்தான் வருகிறது. அதில் ஓரிடத்தில் மற்றக் குரல்கள் அல்லேலூயா என்று முழங்கிக்கொண்டிருக்க, சோப்ரானோ எனப்படும் மிக உயர்ந்த குரல்கள் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து, பிறகு அடுத்த படிக்கு, அதற்கும் அடுத்த படிக்கு என ஏறுகின்றன. வேகம் சிறிதும் கூடாமலேயே மனம் பொங்குகிறது.

கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் (லெந்து) முழுவதும் அல்லேலூயா பாடப்படாமல், உயிர்ப்பு விழாவின் இரவு வழிபாட்டில் மீண்டும் ஒலிக்கும்போது அந்த ஒரு சொல்லே விழாவாகிவிடுகிறது. நீங்களும் லெந்து நாட்களில் அச்சொல்லைப் பாடாமல் வைத்திருந்து, ஈஸ்டர் காலையில் கீபோர்டு இல்லாமல், சுருதிப் பெட்டியுடன் மட்டும் குழந்தைகளைத் தொடங்கச் சொல்லுங்கள். தபலா இரண்டாம் சரணத்தில் சேர்ந்தால் போதும்.