பெரிய வகுப்பு வாசிக்கிறது, சின்ன வகுப்பு வேடிக்கை பார்க்கிறது: எங்கே சரிசெய்வது?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பில் 28 பேர், 2-ஆம் வகுப்பில் 19 பேர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்து, பெரியவர்கள் சின்னவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. நாலாவது வாரத்தில் பெரியவர்களே வாசிக்கிறார்கள், பெரியவர்களே எழுதியும் கொடுத்துவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பிலேயே ஆறு பேருக்குச் சரளமாக வாசிக்க வராது. அவர்கள் பின்னால் போய் ஒதுங்கிக்கொள்கிறார்கள். போதாததற்கு ஒரு பெற்றோர் வந்து, "எம் புள்ள படிக்க வருதா, டீச்சர் வேலை பாக்க வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன: ஏழாம் வகுப்புக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கு மேலே இருந்தவர்கள் தன்னிடம் நடந்துகொண்ட விதம்தான். அதையே செய்கிறது: அதட்டும், முந்திக்கொண்டு சொல்லும், பென்சிலைப் பிடுங்கி எழுதும்.

இது பழைய நோய். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான்: வாத்தியாருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளை அதட்டி ஒப்பிக்க வைக்கும் மூத்த மாணவன். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே அமைத்தார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போனது. ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க உதவிய ஏற்பாடுதான். ஆனால் ஒப்பிக்க வைப்பது, அடக்கி வைப்பது என்ற அளவைத் தாண்டுவது அதற்குக் கடினமாக இருந்தது. உங்கள் வகுப்பறையிலும் நாலே வாரத்தில் சட்டாம்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டான். அவனைக் கிளப்புவதுதான் முதல் வேலை.

முதலில் நேரம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தூக்கம், ஏழாம் வகுப்புக்கு வீட்டு நினைப்பு. செவ்வாயும் வியாழனும் காலை இடைவேளை முடிந்தவுடன், தலா 20 நிமிடம் வையுங்கள். வாரத்துக்கு ஒரு 40 நிமிடத்தைவிட இரண்டு 20 நிமிடம் நல்லது. ஏழு வயதுப் பிள்ளை 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஒட்டாது. இதற்கு முன்னால் திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு மட்டும் 20 நிமிடம் தயாரிப்பு. இந்தத் திங்கட்கிழமையைத்தான் பள்ளிகள் முதலில் வெட்டுகின்றன. இதை வெட்டினால் மற்ற இரண்டு நாளையும் சேர்த்தே வெட்டிவிடலாம்.

அடுத்து ஜோடி சேர்ப்பது. "யாருக்கு யார் பிடிக்குதோ சேர்ந்துக்குங்க" என்று விடவே கூடாது. பெரியவர்கள் தங்கள் தெரு, தங்கள் சொந்தம் பார்த்துத்தான் போவார்கள். யாரும் கூப்பிடாத பிள்ளை நடுவில் நிற்கும். பட்டியல் ஆசிரியர் போடுவது. இரண்டு வகுப்பையும் தனித்தனியாக வாசிப்புத் திறன் வரிசையில் எழுதுங்கள். மேலே இருப்பவருக்கு மேலே இருப்பவர், கீழே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் என்று சேருங்கள். நன்றாக வாசிப்பவரைத் திணறுபவரோடு சேர்ப்பதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் ஜோடிக்குள் இடைவெளி அளவோடு இருந்தால்தான் இரண்டு பேரும் பொறுமை இழக்க மாட்டார்கள். உங்கள் ஆறு பேரில் ஒருவரை இரண்டாம் வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளையோடு சேர்த்தால், "அண்ணனுக்கே தெரியல டீச்சர்" என்ற குரல் முதல் நாளே வரும். ஒரு விதிவிலக்கு உண்டு: எழுத்தே இன்னும் பிடிபடாத இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு, வரிசையைப் பார்க்காமல், ஏழாம் வகுப்பிலேயே நிதானமான பிள்ளையைக் கொடுங்கள். உடன்பிறந்தவர்களைச் சேர்க்காதீர்கள், வீட்டுச் சண்டை பாயோடு வந்துவிடும்.

எண்ணிக்கை உங்களுக்குச் சரியாகவே அமைகிறது. சின்னவர்களில் 10 பேருக்கு ஆளுக்கு ஒரு பெரியவர். மீதி 9 பேருக்கு ஆளுக்கு இருவர். 10-உம் 18-உம் 28. இருவர் உள்ள குழுவில் ஒருவர் கூட உட்கார்ந்து வாசிக்க வைப்பார். மற்றவர் பக்கத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுப்பார். அடுத்த முறை மாறிக்கொள்வார்கள். பெரியவர் யாராவது வராத நாளில் இந்தக் கவனிப்பாளர்தான் போய் உட்காருவார். தனித்தனியாக உள்ள 10 பேருக்கும் இந்த மாற்று ஆள் யார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரு பருவம் முழுக்க ஜோடியை மாற்றாதீர்கள். உண்மையிலேயே ஒட்டாத ஜோடியை மட்டும் மூன்றாவது வாரத்தில், சத்தமில்லாமல் மாற்றலாம்.

இனி திங்கட்கிழமைப் பயிற்சி. கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை, ஆனால் நடித்துப் பழக வேண்டும். ஒருவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையாக, இன்னொருவர் அக்காவாக அல்லது அண்ணனாக.

எப்படி உட்காருவது: எதிரெதிராக அல்ல, பக்கத்தில் பக்கத்தில். புத்தகம் சின்னவர் மடியில். விரல் சின்னவருடையது. பென்சிலும் சின்னவர் கையில்தான். பெரியவர் அதைத் தொட்டாலே ஆட்டம் அவுட். வலது கையால் எழுதும் பிள்ளைக்குப் பெரியவர் இடப்பக்கம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் கை இடிக்கும். இடக்கைப் பிள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் சில பக்கங்களை இருவரும் ஒரே குரலில் சேர்ந்து வாசிக்கட்டும். சின்னவருக்குத் தைரியம் வந்ததும் புத்தகத்தில் ஒரு தட்டு தட்டுவார், பெரியவர் நிறுத்திக்கொள்வார். தடுக்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவது. அதற்குள் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் முழுச் சொல்லையும் ஒரு தடவை சொல்வது. சின்னவர் திருப்பிச் சொல்வார். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து, இரண்டு பேரும் சேர்ந்து. இவ்வளவுதான் முறை. கடினமான பகுதி அந்த ஐந்து விநாடி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து விநாடி சும்மா இருப்பது ஐந்து கணக்குப் போடுவதைவிடச் சிரமம். கவனிப்பாளர் குறிப்பெடுக்க வேண்டியது இதை மட்டும்தான்: எத்தனை தடவை காத்திருந்தார், எத்தனை தடவை முந்திக்கொண்டார்.

எங்கே தடுக்கும் என்பதையும் பெரியவர்களுக்கு முன்பே காட்டிவிடுங்கள். 'கொக்கு மீனைக் கொத்தியது' என்று ஒரு வரி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்து, "கெ... ர... கெர..." என்று நிற்கும். அது முட்டாள்தனம் அல்ல. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. துணைக்கால் பார்வைக்கு 'ர' போலவே இருக்கிறது. பிள்ளை கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் வாசித்தது. அங்கே "கொம்பு, க, கால்" என்று பெயர் சொல்லிக் குழப்பாமல், 'கொக்கு' என்று முழுதாகச் சொல்லி, "இதே வரியில இன்னொரு சொல்லிலயும் இந்தக் 'கொ' ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடி" என்றால் போதும். மீனைத் தாண்டி 'கொத்தியது' வரும்போது சிலர் தானே சொல்லிவிடுவார்கள். 'கெ-கே', 'கொ-கோ' நெடில் குறில் மயக்கமும் இப்படித்தான். ஆனால் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று வாசித்தால் நிறுத்த வேண்டாம். சொல் புரிந்திருக்கிறது, அது நாக்குப் பழக்கம், வகுப்பாசிரியர் வேறு நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ழகரத்தில்தான் அதிகம் பிடிவாதம் பிடிப்பார்கள், தங்களுக்கே சரியாக வராவிட்டாலும்.

புத்தகம் 16 பக்கத்துக்கு உள்ளே, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, படத்தோடு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளி அலமாரியில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். தயங்காமல் ஒரு படி இறக்குங்கள்.

அந்த ஆறு பேர் விஷயம் இங்கேதான் சரியாகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து 'வாசி' என்றால் அவனுக்கு அவமானம். 'வியாழக்கிழமை தம்பிக்கு வாசிக்க வைக்கணும், தயார் பண்ணு' என்றால் அது வேலை. வகுப்பு முழுக்க ஒரே தயாரிப்பு: திங்களன்று புத்தகத்தைச் சத்தமாக மூன்று தடவை வாசிப்பது, ஒரு கேள்வி எழுதுவது. நீங்கள் நடந்துகொண்டே அந்த ஆறு பேர் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், தனியாகக் கூப்பிட வேண்டாம். வாரம் ஐந்தாறு தடவை ஒரே பிரதியைச் சத்தமாக வாசிப்பது அவர்களுக்கு இதுவரை கிடைக்காத பயிற்சி.

வாசிப்பையே எல்லா வாரமும் செய்தால் சலித்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன் கணக்குக்கு. ஒரு குழுவுக்கு 60 ஈர்க்குச்சி, 6 ரப்பர் பேண்ட், ஒரு தாயக்கட்டை அல்லது பகடை. 19 குழுவுக்கு 1,140 குச்சி. 1,200 ஒடித்து வையுங்கள், எப்படியும் காணாமல் போகும். பகடை உருட்டி விழும் எண்ணிக்கைக்குக் குச்சி எடுப்பது, பத்து சேர்ந்ததும் கட்டுவது, முதலில் 50 சேர்க்கும் குழு ஜெயித்தது. அடுத்த முறை தலைகீழ்: ஐந்து கட்டோடு ஆரம்பித்து, விழும் எண்ணைக் கொடுத்துக்கொண்டே வருவது. முதல் உருட்டலிலேயே தனிக்குச்சி இல்லாமல் ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று மனப்பாடமாகச் சொல்லும் சங்கதி கையில் நடக்கிறது. கட்டைப் பிரிக்கும் கை சின்னவருடையதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரியவருக்கும் வேலை உண்டு: ஒவ்வொரு உருட்டலையும் குறித்துக்கொண்டு, மறுநாள் தன் வகுப்பில் 28 பேரும் சேர்த்த எண்களை வைத்து எந்த எண் எத்தனை முறை விழுந்தது என்று பட்டை வரைபடம் போடுவது.

அந்தப் பெற்றோருக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. 'சொல்லிக்கொடுத்தால் உங்கள் பிள்ளைக்கும் நல்லது' என்று பொதுவாகச் சொன்னால் அவர் நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டு வகுப்பிலும் ஏழாம் வகுப்புக்கென்று ஒரு பாடவேலை இருக்க வேண்டும்: தானே எழுதிய கேள்வி, வரைபடம், பருவ முடிவில் தன் தம்பிக்காக எழுதிய எட்டுப் பக்கக் கதைப் புத்தகம். அந்த நோட்டைக் காட்டுங்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று இரண்டு வகுப்பையும் எண்ணி எழுதிவைத்து, எட்டாவது வாரத்தில் மறுபடி எண்ணுங்கள். பெரியவருக்கு அவர் வகுப்புப் புத்தகத்திலிருந்து, சின்னவருக்கு அவருடையதிலிருந்து. ஆறு பேரை மட்டும் தனியாக எண்ணினால் மறுபடி ஒதுங்கிவிடுவார்கள்.

பதிவுக்கு ஒரு குழுவுக்கு ஒரு 40 பக்க நோட்டு. முடித்த பிறகு பெரியவர் இரண்டு வரி எழுதுவார்: எந்தப் புத்தகம், எந்தச் சொல்லில் நின்றது. மதிப்பெண் போட விடாதீர்கள், நட்சத்திரமும் வேண்டாம். போட ஆரம்பித்தால் சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிடுவான். 19 நோட்டையும் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் புரட்டினால், அடுத்த வாரம் எந்த எழுத்தை எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

19 குழுவும் ஒரே அறையில் வாசித்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. பாதியை வராந்தாவிலோ மரத்தடியிலோ உட்கார வையுங்கள், குழுவுக்குக் குழு இரண்டு மீட்டர் தள்ளி. ஆனால் எல்லாரும் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான். கதவு சாத்திய அறை கூடாது, மடியில் உட்கார வைப்பது கூடாது, சின்னவரைக் கழிவறைக்கு அழைத்துப்போவது பெரியவர் வேலை அல்ல. இதை இரண்டு வகுப்புக்கும் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அண்ணனோ அக்காவோ திட்டினால், கிள்ளினால் டீச்சரிடம் வந்து சொல்லலாம் என்பதையும் சேர்த்து.

இந்த 20 நிமிடத்தில் ஆசிரியர்கள் நோட்டுத் திருத்த உட்காரக் கூடாது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஒரு நாளைக்கு நாலு குழுவைத் தேர்ந்தெடுத்து மூன்று மூன்று நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள், குறுக்கே பேசாமல். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் விடுப்பு என்றால் அன்றைக்குக் கூட்டு வகுப்பு வேண்டாம். 47 பேரை ஒருவர் கவனிப்பது மேய்ப்பதாகத்தான் முடியும்.