நகரை ஒட்டிய அரசு நிலம்: கேள்வியும் பதிலும்

நில அளவையிலும் நகரமைப்பிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வளரும் நகரங்களை ஒட்டிய புறம்போக்கு நிலங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வழக்கில் உள்ள தனிப்பட்ட இடங்களைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தைப் பார்க்காமல் வாய் திறப்பது முறையில்லை.

கேள்வி (கூடுவாஞ்சேரி): ஐயா, எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு நிறையக் கிடக்கிறது. ஊரில் இப்போது மாடே இல்லை. அதில் அரசு வீடு கட்டினால் என்ன தவறு?

பதில்: கிராமத்து நிலங்களை வருவாய்த் துறை பட்டியலிட்டு வைத்திருக்கும் 'அ' பதிவேட்டில் மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாட்டை, ஓடை என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு இருக்கும். மேய்க்காலை வேறு வகைக்கு மாற்ற ஊராட்சித் தீர்மானம், ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு, கால்நடைத் துறையின் கருத்து என்று கோப்பு ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பஞ்சாபில் கிராமக் குளத்தை மூடி வீடு கட்டியவர்கள் தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதையும் மனத்தில் வைத்துத்தான் ஆட்சியர் கையெழுத்திட வேண்டும்.

இதெல்லாம் காகித வேலை. எனக்குக் கவலை வேறு. மாடு போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. மேய்ச்சலுக்கு விட்ட நிலம் பெரும்பாலும் உழவுக்கு உதவாத கல்மேடாகவோ மழைநீர் தேங்கும் பள்ளமாகவோ இருக்கும். நில அளவைத் துறை வரைந்த புலப்படத்தில் எல்லைக்கோடும் அளவும் உண்டு; மேடு பள்ளம் கிடையாது. நேரில் போய்ப் பாருங்கள். கோரை முளைத்திருக்கிறதா? பக்கத்துச் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? கம்பி வேலிக் கல்லில் சேற்றுக்கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? சாலை போட்ட பொறியாளர் காரணமில்லாமல் அங்கே பாலம் வைத்திருக்க மாட்டார்.

கேள்வி (செம்மஞ்சேரி): அரசே கட்டிக் கொடுத்த வீடு. பெருமழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இடம் தாழ்வானது என்று கட்டும்போது தெரியாதா?

பதில்: தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. அரசு நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டாம் என்றவுடன் மதிப்பீட்டில் நிலச் செலவு பூஜ்யம் ஆகிவிடுகிறது. பிறகு மண் கொட்டி மேடாக்குவது, மோட்டார் வைத்து இறைப்பது, நீங்கள் வேலைக்குப் போகக் கொடுக்கும் பஸ் கட்டணம் எல்லாம் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு தலைப்பில், பாதி உங்கள் கையிலிருந்தே போகிறது. அந்தக் கணக்கை யாரும் ஒரே தாளில் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகச் சென்னையின் தென்கோடித் தாழ்நிலத்தையே தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

இதே கதைதான் பள்ளிக்கரணைக்கும். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடியும் சதுப்பு நிலம் அது. தரிசு என்று நினைத்துக் குப்பைக்குக் கொஞ்சம், நிறுவனங்களுக்குக் கொஞ்சம், சாலைக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்தார்கள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கொடுத்து முடித்தபின் மிச்சத்துக்குப் பூட்டு. திட்டமிடல் என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி (கோவை): இப்படிக் கிடக்கும் நிலத்தை ஏலம் விட்டு, வரும் பணத்தில் சாலை, குடிநீர் வசதி செய்யலாமே?

பதில்: விற்றால் பணம் ஒரு முறைதான் வரும், தம்பி. நகரம் பெருகி, பள்ளிக்கோ பணிமனைக்கோ இடம் தேவைப்படும்போது அதே அரசு சந்தை விலை கொடுத்து நிலம் எடுக்கப் போகும். என் விருப்பம் குத்தகை. சிங்கப்பூரில் அரசு நிலத்தைப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறார்கள். எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பது ஏல அறிவிப்பிலேயே இருக்கும். கேலாங் லோரோங் 3 என்ற தெருவில் 60 ஆண்டுக் குத்தகை 2020 இறுதியில் முடிந்தபோது, அங்கிருந்த 191 வீடுகளின் நிலம் இழப்பீடு இன்றி அரசுக்குத் திரும்பியது. கடுமைதான். ஆனால் தேதி முதல் நாளே எழுதப்பட்டிருந்தது.

குத்தகை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் கிண்டி குதிரைப் பந்தய மைதானமே சாட்சி. சுமார் 160 ஏக்கர், 1945இல் 99 ஆண்டுக்கு விடப்பட்டது. வாடகையை உயர்த்தும் பேச்சு வழக்காக மாறி இழுத்துக்கொண்டே போனது. 2024இல் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதுவும் நீதிமன்றம் ஏறியது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை தானாக உயர வேண்டும், இத்தனை ஆண்டில் கட்டடம் எழுப்பாவிட்டால் நிலம் திரும்ப வேண்டும். இந்த இரண்டு வரியும் இல்லாத குத்தகைப் பத்திரம் கிட்டத்தட்டத் தானப் பத்திரம்தான்.

கேள்வி (அரக்கோணம்): சென்னைப் பெருநகர எல்லை விரிந்ததால் எங்கள் பட்டாவுக்கு ஆபத்து உண்டா?

பதில்: இல்லை. 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது திட்டப் பகுதி மட்டுமே. நிலப் பயன்பாட்டு விதி மாறலாம், உடைமை மாறாது.

கேள்வி (பம்மல்): புறம்போக்கில் முப்பது ஆண்டாகக் குடியிருக்கிறோம். வீட்டு வரியும் மின் கட்டணமும் கட்டுகிறோம். பட்டா கிடைக்குமா?

பதில்: வரி ரசீது உரிமை தராது. 'பி மெமோ' வந்திருந்தால் அது ஆக்கிரமிப்புக்கு அபராதம் விதித்த தாள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. ஏரி, ஓடை, வாய்க்கால் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். ஆட்சேபணையற்ற புறம்போக்கு, அதாவது இப்படிப்பட்ட நீர்வழியாக இல்லாத, குடியிருப்புக்குக் கொடுக்கத் தடையில்லாத நிலம் என்றால் வழி இருக்கிறது. வளரும் நகரின் தேவைக்கு நிலம் கையில் இருக்கட்டும் என்று, சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் அரசு நிலத்தை ஒப்படை செய்வதற்கு, அதாவது தனியாருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதற்கு, 1962 முதல் தடை இருந்தது. 'பெல்ட் ஏரியா' என்பது இதுதான். நோக்கம் நல்லது. ஆனால் தடுத்த நிலத்துக்குத் திட்டம் எதுவும் போடாததால் மக்கள் வந்து குடியேறினார்கள். பெல்ட் ஏரியாவிலும் மற்ற நகரங்களிலுமாகச் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை, கட்டடக்கலை மாணவி): நூறு ஏக்கர் அரசு நிலத்தை உங்களிடம் கொடுத்தால் முதலில் என்ன வரைவீர்கள்?

பதில்: நீர் போகும் வழி. அதன் மேல் எதுவும் வராது. அடுத்து தெருக்கள், அவற்றை அகலமாகப் போட வேண்டிய நேரம் நிலம் காலியாக இருக்கும்போதுதான். பெரிய மனைப்பிரிவு போடும் தனியாரிடம் பத்து சதவீதம் திறந்தவெளி கேட்கிறோம். அரசு தன் நிலத்திலும் அதை விட வேண்டும். போக்குவரத்தை ஆள் வருவதற்கு முன்பே கொண்டுவர வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை; மூட்டையும் குழந்தையுமாக வந்து இறங்கியவர்கள் மாநகரப் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். கடைசியாக ஒரு பத்து ஏக்கரை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருப்பேன். அமைச்சர் கேட்டாலும் தர மாட்டேன் என்று சொல்ல ஆசை. பணியில் இருந்தபோது அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

கேள்வி (செங்கல்பட்டு): ஒரு புல எண் புறம்போக்கா என்று எங்கே பார்ப்பது?

பதில்: வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் வரும். மனை வாங்குவதாக இருந்தால் உங்கள் எண்ணோடு நிறுத்தாமல், நான்கு பக்கமும் ஒட்டியிருக்கும் எண்களையும் பாருங்கள். விற்பவர் காட்டும் 'இருபதடிப் பாதை' பதிவேட்டில் வாய்க்காலாக இருக்கலாம்.